பொய்ச்சாட்சி

நான் பொய்ச்சாட்சி சொன்னவன். சொன்ன இடம் ஜார்ஜ்டவுனில் ஒரு கத்தோலிக்கப் பங்கு. ஞாயிறு பூசை முடிந்ததும் நடக்கும் மறைக்கல்வி வகுப்பில், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள் முன்னால் நின்று, முஸ்லிம்கள் எதை நம்புகிறார்கள், அவர்களிடம் ஏன் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் பாடம் எடுத்தேன். அந்தப் பாடத்தில் பெரும்பகுதி பொய். அவற்றில் சிலவற்றின் மேல் எனக்கே சந்தேகம் இருந்தது. இருந்தும் சொன்னேன்.

பாவசங்கீர்த்தனத்தில் இதை முறையிட்டு மன்னிப்பும் பெற்றுவிட்டேன். பிறகு ஏன் எழுதுகிறேன் என்றால், எட்டாம் கட்டளையைப் பற்றி அதே வகுப்பில் நானே சொல்லிக்கொடுத்த இன்னொரு பாடம் என்னை விடவில்லை. பிறர் பெயரைக் கெடுத்தவன் மன்னிப்புக் கேட்டால் மட்டும் போதாது, கெடுத்ததைச் சீர்செய்யவும் வேண்டும். பலர் அறியச் சொன்னதைப் பலர் அறியவே திரும்பப் பெற வேண்டும். திருச்சபை கற்பிப்பது அதுதான். பங்குச் சாமியாரும் அதையேதான் பரிகாரமாகச் சொன்னார்.

என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு வந்தவர். நாகப்பட்டினத்துக்கு வடக்கே சற்றுத் தூரத்தில் நாகூர், தெற்கே வேளாங்கண்ணி. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இரண்டும் ஒரே கடற்கரையின் இரண்டு வாசல்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொள்வார்கள். கடலில் போனவர் திரும்பவில்லை என்றால் நாகூர் ஆண்டவருக்குச் சர்க்கரை நேர்ந்துகொள்வார்கள். பினாங்கிலும் சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நாகூர் தர்கா ஒன்று இருக்கிறது. என் பாட்டி அதன் வாசலைக் கடக்கும்போது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டுதான் போவாள். அவளிடம் யாரும் மதங்களின் உறவைப் பற்றிப் பாடம் எடுத்ததில்லை.

நாங்கள் குடியிருந்த கடைவீட்டுக்கு அடுத்த வீடு நாகூரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் குடும்பம். அவர்களுடைய பெரியவரும் அதே கப்பலின் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்தான். மூத்த மகனை நான் ‘நானா’ என்பேன். அந்தக் கரையில் முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். அவர் என்னைத் ‘தம்பி’ என்பார். தெருமுனையில் பத்திரிகைக் கடை வைத்திருந்தார். தமிழ் நாளேடுகள், ஊரிலிருந்து வரும் வார இதழ்கள், ஒரு ஓரத்தில் மார்க்கப் புத்தகங்கள். அந்த ஓரத்தில் பாகவி மொழிபெயர்த்த தமிழ்க் குர்ஆன் இருந்தது. காலையில் பேப்பர் வாங்கும்போதெல்லாம் என் கை அதற்கு ஒரு முழத் தூரத்தில் இருந்திருக்கிறது. ஒருநாளும் எடுத்துப் புரட்டியதில்லை.

அம்மா கிறிஸ்துமஸுக்குக் கேக் செய்யும்போது நானா வீட்டுக்கென்று தனித் தட்டில், ரம் சேர்க்காமல், முதலில் செய்து எடுத்து வைத்துவிடுவாள். ரம் பட்ட கரண்டி அதில் படக்கூடாது என்று எங்களை அடுப்பங்கரைக்குள்ளேயே விடமாட்டாள். நோன்பு மாதத்தில் அவர்கள் வீட்டிலிருந்து தூக்குச் சட்டியில் கஞ்சி வரும். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் எல்லாம் குழைந்து, புதினா மணக்கும். சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அம்மா அதில் ஒரு சீப்பு வாழைப்பழமாவது வைத்து அனுப்புவாள்.

தொண்ணூறுகளில் ஒரு நண்பர் எனக்கு ஒரு சிறு புத்தகத்தின் ஒளிநகல் கொடுத்தார். வெளிநாட்டில் அச்சானது. இஸ்லாத்தை எப்படி முறியடிப்பது என்பதற்கான கையேடு. இரண்டு இரவில் படித்து முடித்தேன். முஸ்லிம்கள் வணங்குவது அரேபியர்களின் பழைய சந்திர தேவனை என்றது. பள்ளிவாசல் உச்சியில் பிறை இருப்பதே ஆதாரம் என்றது. அந்த மதம் வாளால் மட்டுமே பரவியது என்றது. எல்லாவற்றையும்விட நஞ்சான ஒன்று கடைசிப் பக்கங்களில் இருந்தது: பிற மதத்தவரிடம் பொய் சொல்ல அவர்கள் மார்க்கம் அனுமதிக்கிறது, ஆகவே அவர்கள் காட்டும் அன்பையும் நம்பாதே. இதை நம்பிவிட்டால் அப்புறம் எதிராளி என்ன செய்தாலும் குற்றம்தான். முகம் கொடுக்காவிட்டால் பகை, முகம் கொடுத்தால் நடிப்பு.

அந்த ஆண்டு நோன்புக் கஞ்சி வந்தபோது, அதில் ஏதோ ஓதியிருப்பார்கள் என்று சொல்லித் தொட்டியில் ஊற்றினேன். அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சட்டியைக் கழுவி, வாழைப்பழம் வைத்து, தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த ஆண்டிலிருந்து கஞ்சி வரும் நேரத்தில் அவளே வாசலில் நின்று வாங்கி, என் கண்ணில் படாமல் வைத்துக்கொள்வாள். அம்மா படித்தது நாலாம் வகுப்பு. எட்டாம் கட்டளை அவளுக்குப் புரிந்த அளவுக்கு மறைக்கல்வி ஆசிரியனான எனக்குப் புரியவில்லை.

வகுப்பில் அந்தப் புத்தகத்தைத் தமிழாக்கிச் சொன்னேன். பிள்ளைகள் வேறெந்தப் பாடத்திலும் அப்படிக் கண்விரித்துக் கேட்டதில்லை. அந்தக் கவனம் எனக்குப் பிடித்திருந்தது. பொய் சொல்லும் ஆசிரியனைத் தட்டிக்கேட்க அந்த அறையில் ஒரு முஸ்லிமும் இல்லை. இருந்திருந்தால் நான் பேசியிருக்கவே மாட்டேன் என்பதுதான் உண்மை. ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லத் துணியாததை அவர் இல்லாத இடத்தில் சொல்வதற்குப் பெயர் புறங்கூறல். திருவள்ளுவர் அதற்குத் தனி அதிகாரமே வைத்திருக்கிறார். அதையும் நான் பள்ளியில் படித்தவன்தான்.

என்னைத் தூண்டியது அந்தப் புத்தகம் மட்டுமில்லை, கோபமும்தான். மலேசியக் கிறிஸ்தவர்கள் பலருக்கு அந்தக் கோபம் உண்டு. அதற்குக் காரணங்களும் உண்டு. கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) பிரிவு முஸ்லிம்களிடையே வேறு மதம் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு இடம் தருகிறது. எதிர்த்திசையில் அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை. முஸ்லிமை மணக்கும் கிறிஸ்தவர் மதம் மாறியே ஆகவேண்டும். மாறியவர் திரும்ப நினைத்தால் வழி அடைபட்டிருக்கிறது; லீனா ஜாய் வழக்கில் 2007இல் கூட்டரசு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அதைத் தெளிவாக்கியது. ‘ஹெரால்ட்’ என்ற கத்தோலிக்க வார இதழ் தன் மலாய்ப் பக்கங்களில் கடவுளை ‘அல்லாஹ்’ என்று அழைக்கக்கூடாது என்று அரசு தடுத்தது. 2009 டிசம்பர் 31 அன்று உயர் நீதிமன்றம் இதழுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அடுத்த சில நாட்களில் தேவாலயங்கள் தாக்கப்பட்டன. 2013 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. பிறகு 2017இல் பாதிரியார் ரேமண்ட் கோ பட்டப்பகலில் பெட்டாலிங் ஜெயாவில் கடத்தப்பட்டார். அதற்குக் காவல்துறையின் சிறப்புப் பிரிவே பொறுப்பு என்று மனித உரிமை ஆணையமான சுஹாகாம் 2019இல் முடிவு சொன்னது.

இவை நடந்தவை. இவற்றில் ஒன்றையும் நான் திரும்பப் பெறப்போவதில்லை. ஆனால் சட்டம் இயற்றியவர்கள் மேலும் அதை நடத்துகிறவர்கள் மேலும் இருந்த கோபத்தை நான் யார் மேல் இறக்கினேன்? பத்திரிகைக் கடைக்காரர் மேல். சட்டமன்றத்தின் பக்கம்கூட அவர் போனதில்லை. முஸ்லிம் என்றாலும் தமிழர் என்பதால் பூமிபுத்ராக்களின் உரிமைகள் அவருக்கும் எட்டாதவைதான். வாடகைக் கட்டுப்பாடு 2000ஆம் ஆண்டு முடிவுக்கு வந்தபோது, வாடகை பல மடங்காகிக் கடைவீட்டிலிருந்து நாங்கள் வெளியேறிய அதே மாதங்களில் அவர்களும் வெளியேறினார்கள். எங்களுக்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு, அவர்களுக்கு இன்னும் தள்ளி. 2008இல் யுனெஸ்கோ ஜார்ஜ்டவுனைப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. அப்போது எங்கள் பழைய வீட்டிலும் அவர்கள் வீட்டிலும் தங்கும் விடுதிகள் வந்துவிட்டன. இருவரும் ஒரே கப்பலில் வந்து ஒரே கதவு வழியாக வெளியே போனவர்கள். அவரை நான் அதிகாரத்தின் ஆளாகப் பார்த்தேன்.

அந்தப் பார்வை 2014 ஜனவரியில் வெளிப்பட்டது. மாதத் தொடக்கத்தில் சிலாங்கூரின் இஸ்லாமிய சமயத் துறையினர் மலேசிய வேதாகமச் சங்கத்தில் புகுந்து, முந்நூறுக்கும் மேற்பட்ட மலாய், இபான் மொழி வேதாகமங்களை எடுத்துப் போயிருந்தார்கள். 27ஆம் தேதி விடிவதற்கு முன் எங்கள் ஊரிலேயே, ஃபார்குவார் தெருவில் விண்ணேற்பு மாதா ஆலயத்தின் மேல் பெட்ரோல் குண்டுகள் வீசினார்கள். சேதம் பெரிதில்லை. ஆனால் பினாங்கின் ஆதிக் கத்தோலிக்கப் பங்கு அது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அன்று பிற்பகல் நானாவின் கடைக்குப் போனேன். பழைய இடத்துக்கு அருகிலேயே ஒரு சிறு தட்டுக்கடையாக அதை நடத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

“தம்பி, ராத்திரி உங்க கோயில் வாசல்ல நாங்க ஒரு நாலு பேரு உக்காந்திருக்கட்டுமா? தொழுதிட்டு வந்துர்றோம். விடியிற வரைக்கும் இருக்கோம்.”

நான் சொன்னது இது: “கொளுத்துறதும் உங்க ஆளுங்க, காவல் இருக்கிறதும் உங்க ஆளுங்களா? வேணாம் நானா.”

அவர் முகத்தைப் பார்த்தபடிதான் சொன்னேன். “கோவத்துல இருக்கீங்க தம்பி” என்றார். அவ்வளவுதான். நான் பேப்பர் வாங்காமல் திரும்பினேன். அதற்குப் பிறகு வேறு கடையில் வாங்கினேன். அதே மாதத்தில் கிள்ளானில் லூர்து மாதா ஆலயத்துக்கு சமூகச் செயற்பாட்டாளர் மரினா மகாதீரும் பல முஸ்லிம்களும் பூக்களோடு வந்து நின்றதைப் படித்தபோதுகூட, படம் எடுத்துக்கொள்ள வந்தவர்கள் என்றுதான் வீட்டில் சொன்னேன். அந்தக் கையேட்டின் கடைசிப் பக்கங்கள் எனக்குள் அவ்வளவு ஆழமாக வேலை செய்திருந்தன.

என்னைத் திருப்பியது பழைய மாணவி ஒருத்தி. ஒரு திருமண விருந்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் வகுப்பில் இருந்த நாட்களில் அவளுடைய அக்கா ஒரு முஸ்லிமைக் காதலித்து மணந்து மதம் மாறியிருந்தாள். எனக்கு அது தெரியாது. “சார், நீங்க சொன்னதையெல்லாம் வீட்ல போய் அப்படியே சொன்னேன். அக்காகிட்ட நானும் அம்மாவும் பேசுறத நிறுத்துனோம். அக்காவுக்கு மூணு பிள்ளைங்க. மூணு பிரசவத்துக்கும் நாங்க போகல” என்றாள். என்னைக் குற்றம் சொல்லும் குரலில் அவள் பேசவில்லை. இப்போது போய் வருகிறார்கள், அக்காவின் கணவர் நல்லவர், அம்மாவுக்கு முட்டி வலி என்றால் அவர்தான் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார் என்றாள். பிறகு கேட்டாள்: “அதெல்லாம் நீங்க எந்த முஸ்லிம்கிட்ட கேட்டீங்க சார்?”

எந்த முஸ்லிமிடமும் கேட்கவில்லை. எந்தக் கத்தோலிக்க நூலிலும் தேடவில்லை. அதுதான் என் பதில்.

அதற்கு அப்புறம்தான் படிக்கத் தொடங்கினேன். என் அலமாரியிலேயே இருந்த இரண்டாம் வத்திக்கான் சங்க ஏடுகளை முதலில் எடுத்தேன். பிற சமயங்களோடு திருச்சபைக்குள்ள உறவைப் பற்றி 1965 அக்டோபர் 28 அன்று வெளியான ஏடு, முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்போடு நோக்குகிறது என்று சொல்கிறது. உயிருள்ள, இரக்கமுள்ள, அனைத்தையும் படைத்த ஒரே கடவுளை அவர்கள் வணங்குகிறார்கள் என்று ஏற்கிறது. பழைய பகைகளை மறந்து ஒருவரையொருவர் புரிந்துகொள்ள உழைக்கும்படி கேட்கிறது. நான் சந்திர தேவன் என்று பாடம் நடத்தியது, என் சொந்தச் சபை இதைச் சொல்லி முப்பது ஆண்டுகள் ஆனபிறகு.

பழைய காலத்திலும் இரு வழிகளும் இருந்திருக்கின்றன. எட்டாம் நூற்றாண்டில் தமஸ்கு நகரத்து யோவான் இஸ்லாத்தைக் கிறிஸ்தவப் பிரிவினைகளின் வரிசையில் வைத்துக் கடுமையாக எழுதினார். அதே நூற்றாண்டில் பாக்தாதில் கலீபா அல்மஹ்தி, கீழைச் சபையின் தலைவர் தீமோத்தேயுவை அழைத்து, முகம்மதைப் பற்றி என்ன நினைக்கிறீர் என்று கேட்டார். அவர் இறைவாக்கினர்களின் பாதையில் நடந்தவர் என்று பதில் சொன்ன தீமோத்தேயு, தன் விசுவாசத்தில் ஒரு எழுத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் க்ளூனி மடத்தின் தலைவர் பேதுரு, இஸ்லாத்தை மறுப்பதற்காகவே குர்ஆனை இலத்தீனில் மொழிபெயர்க்க வைத்தார். அது 1143இல் முடிந்தது. மறுக்க வேண்டும் என்றாலும் முதலில் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்ற நேர்மை அவருக்கு இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் தமிழிலேயே கிடைத்ததை நான் படிக்காமல் மறுத்தேன்.

பிறகு பாகவியின் மொழிபெயர்ப்பைப் படித்தேன். சூரியனையும் சந்திரனையும் வணங்காதே, அவற்றைப் படைத்தவனை வணங்கு என்று 41ஆம் அத்தியாயம் நேரடியாகவே சொல்கிறது. 19ஆம் அத்தியாயத்துக்கு மாதாவின் பெயர்தான், மர்யம். குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் அவள்தான். புதிய ஏற்பாட்டில் வருவதைவிட அதிகத் தடவை அவள் பெயர் அங்கே வருகிறது. பொய் பேச அனுமதி என்று நான் சொன்னதன் வேர் 16ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது: விசுவாசத்துக்காகச் சித்திரவதைப்படுகிறவன் நெஞ்சில் உறுதியோடிருந்து வாயால் மறுத்தால் அவன்மேல் கோபமில்லை என்பது அதன் பொருள். பயத்தில் மும்முறை மறுதலித்த பேதுருவைத் தலைவராக ஏற்ற சபையைச் சேர்ந்தவன் நான். அந்த இரக்கத்தை நான் வஞ்சகம் என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். வாளால் மட்டும் பரவியது என்பதற்கோ நான் படிக்கவே வேண்டியதில்லை. தமிழ்க் கடற்கரைக்கு அந்த மார்க்கம் பாய்மரக் கப்பல்களில் வணிகர்களோடு வந்தது. அங்கிருந்து வந்த தமிழ் வணிகர்களின் தலைவரான காதிர் முகைதீன் 1801இல் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பாங்கைக் கேட்டுக்கொண்டு வளர்ந்தவன் நான்.

வேற்றுமைகளும் படிக்கப் படிக்கத் தெளிவாயின. இயேசு சிலுவையில் இறக்கவில்லை என்கிறது குர்ஆன். அவர் இறைமகன் இல்லை என்கிறது. அவர் எனக்காகச் சிலுவையில் இறந்து உயிர்த்தார் என்பதே என் வாழ்வின் பிடிமானம். இந்த இடத்தில் நாங்கள் ஒத்துப்போகவே முடியாது. ஒத்துப்போவதாகப் பாசாங்கு செய்வதும் இன்னொரு பொய்ச்சாட்சி. இந்த உண்மையான வேற்றுமையைப் பற்றி என் வகுப்பில் ஒரு வார்த்தை பேசியதில்லை. கட்டுக்கதைகளோடு மல்லுக்கட்டியே காலம் போயிற்று.

நானாவிடம் போனேன். கடையை விட்டுவிட்டு மகள் வீட்டில் இருக்கிறார். கஞ்சி கொட்டியதையும் சொன்னேன், கோயில் வாசலில் காவல் வேண்டாம் என்றதற்கும் மன்னிப்புக் கேட்டேன். “அத அன்னிக்கே விட்டுட்டேன் தம்பி. அம்மாதான் சொன்னாங்களே” என்றார். கஞ்சி விஷயத்தை அம்மா அந்தக் காலத்திலேயே அவர் வீட்டில் சொல்லி எனக்காக மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். பிறகு வகுப்பில் நான் சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னேன். நபிகளைப் பற்றி அந்தக் கையேட்டிலிருந்து சொன்ன இழிசொற்களையும் மறைக்கவில்லை. அவர் முகம் இறுகிவிட்டது. நெடுநேரம் கழித்துச் சொன்னார்:

“என்னைச் சொன்னதுக்கு நான் மன்னிச்சிடலாம். ரசூலுல்லாவைச் சொன்னதுக்கு மன்னிக்க நான் யாரு? அத அல்லாஹ்கிட்ட கேளுங்க. அந்தப் புள்ளைங்க கிட்டயும் சொல்லுங்க.”

பிறகு, முதன்முதலில் முஸ்லிம்கள் மக்காவில் துன்புறுத்தப்பட்டபோது கடல் தாண்டி அபிசீனியாவுக்கு ஓடியதையும், அங்கே கிறிஸ்தவ அரசர் நஜ்ஜாஷி முன் அவர்கள் மர்யம் அத்தியாயத்தை ஓதிக் காட்டியதையும், கண்ணீர் விட்ட அந்த அரசர் அவர்களை எதிரிகளிடம் ஒப்படைக்க மறுத்ததையும் சொன்னார். முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் கேட்டு வளரும் வரலாறு அது. எங்கள் சமயத்தைச் சேர்ந்த ஒருவர் செய்த நன்மையை அவர்கள் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதை நான் அவரிடம்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

சாமியாரும் நானாவும் ஒரே பரிகாரத்தைச் சொல்லிவிட்டார்கள். ஆகவே என் வகுப்பில் இருந்த பிள்ளைகளே, இப்போது நீங்களும் பிள்ளைகளுக்குப் பெற்றோர், உங்களுக்குத்தான் எழுதுகிறேன். முஸ்லிம்களின் கடவுளைப் பற்றியும், அவர்களுடைய நபியைப் பற்றியும், அவர்களுடைய வாக்கு நம்பத்தகாதது என்றும் நான் உங்களுக்குச் சொன்னவை பொய். நான் கொடுத்த ஒளிநகல் யார் வீட்டிலாவது இருந்தால் கிழித்துப் போடுங்கள். அதை நம்பி யாரோடாவது பேச்சை நிறுத்தியிருந்தால் குற்றம் என்னுடையது என்று சொல்லி அவர்கள் வீட்டுக்குப் போங்கள். இஸ்லாத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஒரு முஸ்லிமிடம் கேளுங்கள், அவர் கேட்டால் நம் விசுவாசத்தைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைகளின் மறைக்கல்வி வகுப்பில் யாராவது என்னைப் போலப் பேசினால், எழுந்து நின்று, இதை எந்த முஸ்லிமிடம் கேட்டீர்கள் என்று கேட்கச் சொல்லிக்கொடுங்கள்.